கள்ளிச்செடிக்குப் பந்தி பரிமாறியவர்கள்

மன்னார்குடியில் கல்யாணப் பந்தி பரிமாறுகிற மூன்று பேர் இருந்தார்கள்: வைத்திலிங்கம், அப்பர்சாமி, கோதண்டம். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் சோறு போட்டவர்களுக்குத் தங்கள் கல்யாணம் மட்டும் கூடிவரவில்லை. கல்யாணமாகாத ஆண்களுக்கு யார் வீடு தருவார்கள்? ராஜகாந்தம் அம்மாள் ஒருத்திதான் மனமிரங்கி, தன் கொல்லையிலிருந்த ஒற்றை அறை ஓட்டு வீட்டைக் கொடுத்திருந்தாள்.

மகளின் பிரசவத்துக்குத் திருச்சி கிளம்பும்போது, அந்த அம்மாள் ஒரு கள்ளிச்செடித் தொட்டியைக் கொண்டுவந்து அவர்கள் அறையின் நடுவில் வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரர் ஆசையா வளர்த்தது. வச்ச இடத்தை விட்டு இம்மி நகர்த்தக் கூடாது. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மூணு பேரும் பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான்.”

மூவரில் பொறுப்பானவன் கோதண்டம்தான். வம்பே அங்கேதான் ஆரம்பம். உடனே நர்சரிக்காரரிடம் ஓடினான்.

“மண்ணுல விரலை விட்டுப் பாருப்பா. ஈரம் தெரிஞ்சா தண்ணி ஊத்தாதே,” என்றார் அவர்.

பந்தியில் நிற்கிறவன் கை கழுவாமல் எதையும் தொடமாட்டான். கோதண்டமும் தினமும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சொட்டச் சொட்ட வந்து மண்ணில் விரலை விட்டான். தினமும் ஈரம். “நல்ல மண்ணுண்ணே, காயவே மாட்டேங்குது,” என்று வைத்திலிங்கத்திடம் பூரித்துப்போனான். செடி சுண்டைவற்றலாகச் சுருங்கியது.

விஷயத்தைக் கேட்டு நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “அது பட்டினி கிடக்குய்யா! வயிறாரத் தண்ணி குடுங்க.”

வயிறாரக் கொடுப்பதா? அதுதானே இவர்கள் தொழில்! மூவரும் வாளியும் குவளையுமாக வரிசையில் நின்றார்கள்.

“போதுமாங்க?” என்று அப்பர்சாமி குனிந்து கேட்டான். செடி வாய் திறக்கவில்லை.

“சம்பந்தி வீட்டு ஆளு மாதிரி கூச்சப்படுது. கையைக் காட்டித் தடுக்குற வரைக்கும் ஊத்து,” என்றார் வைத்திலிங்கம்.

“அதுக்குக் கை இல்லையேண்ணே.”

“அப்ப நிறுத்தவே கூடாது.”

சில நாளில் செடி மஞ்சளித்து, அடி கொழகொழத்துப்போனது. நர்சரிக்காரர் இந்தத் தடவை கத்தினார்: “தண்ணியை நிறுத்துங்க! நல்ல வெயில் காட்டுங்க!”

வெயில் வெளியே இருக்கிறது. செடியோ நகரக் கூடாது. கோதண்டத்துக்கு அன்று சோறே இறங்கவில்லை. கடைசியில் அவனுக்குத்தான் மூளை வேலை செய்தது.

“செடி வெயில்கிட்ட போகக் கூடாது, சரி. வெயில் செடிகிட்ட வரலாமே? அதை அம்மா தடுக்கலையே!”

மதியத்துக்குள் கூரை ஓடுகளையெல்லாம் இறக்கி அடுக்கிவிட்டார்கள். செடியும் தேறியது. ஆனால் தேறியதும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

“வெளிச்சத்தைத் தேடிச் சாயுது. அப்பப்ப தொட்டியைத் திருப்பி விடுங்க. நாலு பக்கமும் வெளிச்சம் படட்டும்,” என்றார் நர்சரிக்காரர்.

“திருப்பினா நகராதா?” என்று அப்பர்சாமி கேட்டான்.

வைத்திலிங்கம் வெகுநேரம் யோசித்தார். “ஒரு இம்மியாவது நகரும்.”

“அப்ப சுவரைத்தான் எடுக்கணும்,” என்றான் கோதண்டம்.

நான்கு சுவரையும் இடித்தார்கள். கதவையும் நிலையையும் மட்டும் முட்டுக் கொடுத்து நிற்கவைத்தார்கள். கதவில்லாவிட்டால் திருடன் புகுந்துவிட மாட்டானா?

ராஜகாந்தம் அம்மாள் திரும்பி வந்தபோது, செடி பச்சைப் பசேலென்று உச்சியில் மொட்டோடு நின்றது. அம்மாள் அதைப் பார்க்கவில்லை.

“வீடு எங்கேடா?”

“செடியைப் பாருங்கம்மா. இம்மி நகரலை,” என்றான் கோதண்டம் பெருமையாக.

“வெளியே போங்கடா!”

கோதண்டத்துக்கு அழுகை முட்டியது. செடி பிழைத்தும் வீடு போய்விட்டதே! மூவரும் பெட்டியைத் தூக்கி, கதவைத் திறந்து, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கோதண்டம் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியை அம்மாளிடம் கொடுத்தான்.

நாலடி போனவன் தயங்கித் திரும்பினான். “குடை உள்ளே மாட்டிக்கிச்சும்மா. சாவியைக் கொஞ்சம் குடுங்க.”

“இனிமே என் வீட்டுக்குள்ள நீ காலை வைக்கக் கூடாது!” என்று அம்மாள் சீறினாள். பிறகு தானே பூட்டைத் திறந்து, உள்ளே போய், குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை மறுபடி பத்திரமாகப் பூட்டினாள்.