உடையப்பனின் இருபது வினாடி

சுண்ணாம்பேந்தலில் இருநூறு வருஷத்து ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஊர்க்காரர்கள் பேணிப் பாதுகாத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இடித்துவிட்டுக் கட்டலாமா, கட்டிவிட்டு இடிக்கலாமா என்று மூன்று தலைமுறையாகக் கூட்டம் போட்டும் முடிவு வரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தெருவைப் பார்த்து மயங்கி, ராஜா காலத்துக் கதை எடுக்கும் சீரியல்காரர்கள் ஒரு நாள் வந்து இறங்கினார்கள்.

ஊர்த் தலைவர் உடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம், அவர் மனைவி சிகப்பியின் அண்ணன் சாத்தையா. பக்கத்து ஊரான கீழமருதியில் இருக்கும் சாத்தையா, ஒரு தடவை வெள்ளச் செய்தியில், மைக் பிடித்தவருக்குப் பின்னால் பஜ்ஜி தின்றபடி நான்கு வினாடி டிவியில் வந்துவிட்டார். பன்னிரண்டு வருஷமாகக் கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு எங்கே போனாலும் அந்தப் பஜ்ஜிக் கதைதான். "மாப்பிள்ளை, நீங்க எப்ப டிவியில வரப்போறீங்க?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் உடையப்பனுக்குச் சோறு இறங்காது. ஐந்து வினாடி வந்துவிட்டால் போதும், பிறந்த பிறவிக்கு அது போதும் என்று ஏங்கிக் கிடந்த மனுஷர்.

சீரியல் மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தலைவரே, நாளைக்குக் காலையில ஷூட்டிங். இருநூறு வருஷத்துக்குள்ள வந்தது எதுவும் இந்தத் தெருவுல கண்ணுல படக் கூடாது. பட்டுச்சுன்னா நாங்க கீழமருதிக்குப் போயிருவோம்."

கீழமருதியா! உடையப்பன் ஒரே ஓட்டமாக ஓடினார். உடனே ஊரைக் கூட்டினார். பைக்குகள் கொல்லைக்குப் போயின. தண்ணீர்த் தொட்டி மேல் ஓலை ஏறியது. சட்டை புதுசு என்று ஆண்கள் எல்லோரும் கழற்றிப் போட்டார்கள். உடையப்பன் முதுகில் மாங்காய் அளவுக்கு ஒரு மச்சம் இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அவருடைய பெரியப்பா பல் செட்டைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார்.

அப்போது பூமிநாதன் எழுந்தார். சந்தேகம் கேட்பதற்கென்றே பிறந்தவர்.

"தலைவரே, நம்ம ஊர்லயே வயசான ஆளு யாரு?"

"எங்க பெரியப்பாதான். தொண்ணூத்தி நாலு."

"அவரே இருநூறு வருஷத்துக்குள்ள வந்தவருதானே?"

கூட்டம் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டது.

"அப்ப நாம எல்லாருமே..."

"புதுசு," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேவுகப்பெருமாள், இழவு சொல்வதுபோல.

"ஆடு மாடு?" என்று கேட்டார் உடையப்பன்.

"அதுவும்தான். உங்க கிடா போன தையிலதானே பிறந்துச்சு?"

மறுநாள் காலையில் நான்கு வேன்களில் வந்து இறங்கியவர்களுக்குத் தெருவில் ஒரு கோழிகூடத் தட்டுப்படவில்லை. மேனேஜர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன நேரத்தில் ஒரு வைக்கோற்போர் தும்மியது. உள்ளேயிருந்து ஊர் முழுவதையும், கடைசியாக அந்தக் கிடாவையும் இழுத்துப் போட்டார்கள்.

"மனுஷங்க புதுசா இருக்கலாம்யா!" என்று மேனேஜர் அழாத குறையாகச் சொன்னார்.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் உடையப்பன், வைக்கோலைத் தட்டிவிட்டபடி.

டைரக்டர் வந்தார். "ராஜாவோட பல்லக்கு இந்த வழியா வரும். நீங்க ரெண்டு பக்கமும் சும்மா நிக்கணும். ஆனா யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது. பார்த்த ஆளு டிவியில வரமாட்டாரு."

வரமாட்டாரா! உடையப்பன் அப்போதே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சட்டென்று பூமிநாதன் கையைத் தூக்கினார். "கேமரா எங்க இருக்குன்னு பார்க்காம, எந்தப் பக்கம் பார்க்கக் கூடாதுன்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். வைக்கோற்போருக்குப் பின்னால் அவசரக் கூட்டம் கூடியது. யாராவது ஒருவர் தன் டிவி வாழ்க்கையை ஊருக்காகத் தியாகம் செய்து, கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சேவுகப்பெருமாள் முன்வந்தார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு விபூதி பூசி அனுப்பினாள்.

பல்லக்கு வந்தது. தெரு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் இருந்தது. ராஜா மீசையை முறுக்கினார்.

"கிழக்க இருக்குடோய்! கிழக்க! அய்யய்யோ, இப்பத் தெக்க நகருது!" என்று சேவுகப்பெருமாள் அலறினார்.

ஜனம் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டது. பல்லக்கு சாய்ந்து ராஜா சாணியில் இறங்கினார். இப்படிப் பதினான்கு தடவை. டைரக்டர் தொப்பியைத் தரையில் அடித்தார். கீழமருதி எவ்வளவு தூரம் என்று மேனேஜரை விசாரித்தார்.

அது உடையப்பன் காதில் விழுந்தது. பன்னிரண்டு வருஷப் பஜ்ஜி கண்முன் வந்து நின்றது. "எல்லாரும் செவுத்தைப் பார்த்துத் திரும்புங்கப்பா! கண்ணையும் மூடிக்கங்க!" என்று உத்தரவு போட்டார்.

பதினைந்தாவது தடவை பல்லக்கு வந்தபோது ஊரே முதுகைக் காட்டி நின்றது. டைரக்டர் அப்படியே உருகிவிட்டார். "கொடுங்கோல் ராஜாவுக்கு ஜனங்க முதுகைக் காட்டுறாங்கய்யா! இதுதான்யா சீன்!"

ஒரு மாதம் கழித்து, சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தக் காட்சி டிவியில் வந்தது. ஊர்ப் பொட்டலில் பெரிய டிவி வைத்திருந்தார்கள். டிவியில் வருவதுபோலவே இருக்கட்டும் என்று ஆண்கள் சட்டையில்லாமல் வந்திருந்தார்கள். சாத்தையாவை ஆள் விட்டு அழைத்து, வயிறெரிவதற்கு வசதியாக முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார் உடையப்பன். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பூமிநாதன் எழுந்தார்.

"தலைவரே, நாம டிவியைப் பார்த்தா, டிவிக்குள்ள இருக்கற நாம எங்க பார்ப்போம்?"

"நம்மளைத்தான்."

"அன்னிக்குக் கேமரா எந்தப் பக்கம் இருந்துச்சு?"

உடையப்பன் யோசித்தார். "நாம இப்ப உக்காந்திருக்கற பக்கம்."

"அப்ப நாம பார்த்தா அவங்களும் கேமராவைப் பார்த்துருவாங்க. பார்த்தா?"

"வரமாட்டோம்!" என்று ஊரே கத்தியது. விளம்பரம் முடிவதற்குள் அத்தனை பேரும் டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள். அன்றைக்கு நடிக்காத சாத்தையா மட்டும் டிவியைப் பார்த்தபடி இருந்தார்.

உடையப்பன் திரும்பாமலே கேட்டார். "மச்சான், வந்துட்டேனா?"

சாத்தையா டிவியைப் பார்த்தார். வரிசையாக முதுகுகள். பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் அதே முதுகுகள், அதே மாங்காய் மச்சம். அவருக்குத் தலை சுற்றியது. "வந்துட்டீங்க மாப்பிள்ளை," என்றார் ஈனக் குரலில்.

"எத்தனை வினாடி?"

"இருபது இருக்கும்."

பொட்டலே விசிலடித்தது. உடையப்பன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முகம் எப்படி மச்சான் இருந்துச்சு?"

"முகம் எங்க மாப்பிள்ளை தெரிஞ்சுச்சு? முதுகுதான்!" என்று சாத்தையா சிரிக்கப் பார்த்தார். உடையப்பன் அசரவில்லை. எது வந்தால் என்ன, வந்தது அவருடையதுதானே.

மறுநாள் காலையில் சட்டை போடாமல் கீழமருதிக்குக் கிளம்பினார். ஊர் எல்லையில் நின்று திரும்பிக்கொண்டு, ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்ள வசதியாகக் கடைத்தெரு முழுக்கப் பின்பக்கமாகவே நடந்தார். இரண்டு சைக்கிளில் இடித்து, ஒரு தக்காளிக் கூடையில் உட்கார்ந்து எழுந்த பிறகு, டீக்கடையில் நின்ற இளவட்டங்கள் மச்சத்தைக் கண்டுகொண்டார்கள். "டேய், சீரியல்ல வந்தவருடா!"

ஓடிவந்து சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தார்கள். உடையப்பன் டீக்கடைச் சுவர் பக்கம் திரும்பி முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடி நின்றார். மற்ற எல்லோரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள் என்று சிரிப்புச் சத்தத்திலேயே தெரிந்தபோது அவருக்கு மனசு கேட்கவில்லை.

"பார்க்காதீங்கடா தம்பிகளா! ஒருத்தனும் படத்துல வரமாட்டீங்கடா!" என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினார்.