அரசன் விரலில் ஏறிய கரி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நாட்டு அரசன் கெட்டவன் அல்லன். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஆமாம் போட்டால் பதினோராவது ஆளுக்குக் காது கொடுக்கமாட்டான். அரசர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

அவன் ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தான். தை முதல் நாள், அந்த வருஷம் ஊரில் பிறந்த பிள்ளைகளை எல்லாம் சபைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றையும் மடியில் வாங்கி, ஒரே பொற்கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, கருப்பட்டித் தண்ணீரை நாக்கில் தொட்டுச் சேனை வைப்பான். சேனை வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஊர் முழுக்கத் தன் குணத்தோடு வளர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதைவிடப் பெரிய தண்டனை ஊருக்கு உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் சளிக்காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு இருமல். வயசானவர்கள் சிலர் போனார்கள். கைக்குழந்தைகளும் போயின.

சபையில் காளத்தி என்றொரு விகடகவி. பெண்டாட்டி செத்து வெகுகாலம். ஒரே மகள் செங்கமலம் வாய்க்காலுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கார்த்திகையில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. காய்ச்சல் தொடங்கிய பிறகு காளத்தி அந்த வீட்டுப்படி மிதிக்கவில்லை. சாயங்காலம் வாய்க்கால் இக்கரையில் வந்து நிற்பான்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு என்னப்பா அங்கயே நிக்கிற? பாலம் இடிஞ்சா கிடக்கு?" என்பாள் செங்கமலம்.

"சபையில எல்லாப் பயலும் இருமுறான் தாயி. அவனுக நடுவுல உக்காந்துட்டு வர்றேன். பிள்ளையத் தூக்கிக் காட்டு, போதும்."

அவள் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளையும் ஒன்றுதான், துணிமூட்டையும் ஒன்றுதான். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழைய சோற்றைப் பிழிந்து தின்பான். பகலெல்லாம் ஊரைச் சிரிக்கவைக்கிறவன் வீட்டில், சிரிக்கவும் ஆளில்லை, ஏனென்று கேட்கவும் ஆளில்லை.

ஒருநாள் சபையில் எழுந்து கும்பிட்டான்.

"பெருமானே, இந்தத் தையில் சேனை விழா வேண்டாம். இருமல் ஆள்விட்டு ஆள் தொற்றுகிறது. ஒரே கிண்ணம், ஒரே விரல். பச்சைப் பிள்ளைகள் தாங்கமாட்டா."

ராஜவைத்தியர் அகோரப் பண்டிதருக்குச் சுருக்கென்றது. விழாவில் பொற்கிண்ணத்தை ஏந்தி நிற்கும் மரியாதை அவருடையது. போதாததற்கு, அரசன் தன்னைவிடக் காளத்தியிடம் சிரித்துப் பேசுகிறான் என்ற வயிற்றெரிச்சல் வேறு.

"மன்னா, இந்த நோய் பனியில் இறங்குகிறது. ஒருவரிடமிருந்து ஒருவரிடம் நடந்துபோக அதற்குக் காலா இருக்கிறது? தங்கள் திருவிரலில் நோய் இருக்கிறது என்கிறான் இவன். நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றவர், தோளில் கிடந்த கருநீலச் சால்வையின் முனையை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். ஊருக்கே மருந்து கொடுக்கிறவர் இருமலாமா? அதனால் மறைத்து இருமுவார்.

சபை ஆமாம் போட்டது. அரசன் முகம் சிவந்தது.

"காளத்தி, நோய் ஆள்விட்டு ஆள் நடப்பதை நாளைச் சபையில் என் கண்ணுக்குக் காட்டு. காட்டினால் விழாவை நிறுத்துகிறேன். காட்டாவிட்டால் முதல் சேனை உன் பேரனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். காளத்தி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, ஒரு வாழையிலைத் துண்டில் மடித்து எடுத்துப் போனான். அரண்மனை வாசலில் பண்டிதர் வந்ததும், "சால்வை நழுவுகிறது பண்டிதரே" என்று பணிவாக எடுத்துப் போர்த்திவிட்டான். அந்தச் சாக்கில் கரியைச் சால்வை முனையில் தடவினான். கருநீலத்தில் கரி தெரியுமா?

சபை கூடியது. பண்டிதர் வழக்கம்போல் சால்வை முனையைப் பொத்தி இருமினார். வழக்கம்போல் அரசன் விரல்களைப் பிடித்துக்கொண்டு நாடி பார்த்தார். அரசனுக்கு மூக்கு அரித்தது, தேய்த்துக்கொண்டான். பிறகு தட்டிலிருந்த வெற்றிலையைத் தன் கையாலேயே மந்திரிக்குக் கொடுத்தான். தளபதிக்குக் கொடுத்தான். அரசன் கொடுத்த வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சபை மரியாதை. ஒற்றிக்கொண்டார்கள். பக்கத்திலிருந்தவர்களுக்குப் பகிர்ந்தார்கள். அவர்களும் ஒற்றிக்கொண்டார்கள்.

ஒருவன் முகத்துக் கரி அடுத்தவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒருவனும் வாய் திறக்கவில்லை. அடுத்தவன் அசிங்கப்பட்டால் லாபம் என்று இருந்தார்கள். அரசன் மூக்கைப் பற்றிச் சொல்லவோ யாருக்கும் தைரியம் இல்லை.

அரசன்தான் முதலில் சிரித்தான். "மந்திரியாரே, கண்ணில் என்ன கோலம்? கூத்துக்குப் போகிறீரோ?"

காளத்தி ஒரு கண்ணாடியை எடுத்துவந்து அரசன் முன்னால் பிடித்தான்.

"காட்டச் சொன்னீர்கள் பெருமானே. நடந்து வந்துவிட்டது. பண்டிதர் வாயில் புறப்பட்டு, தங்கள் கைவழியாக மூக்குக்கு ஏறி, மந்திரியார் கண்வரைக்கும் போயிருக்கிறது. சபை இன்னும் கலையக்கூட இல்லை."

"இது கரி. நோய் அல்ல" என்று சீறினார் பண்டிதர். அவர் வாயைச் சுற்றி மீசை முளைத்தாற்போல் கரி.

"வாஸ்தவம். நோயும் இப்படிக் கறுப்பாக இருந்திருந்தால் உங்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்."

அரசன் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு சேனை தொடுகிற தன் விரலைப் பார்த்தான். நகக்கண்வரை கறுப்பு. அதற்கப்புறம் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சபையில் இருந்தவர்கள் எல்லாம் ஓரடி பின்வாங்கினார்கள்.

"விழா இல்லை. உனக்கு என்ன வேண்டும், கேள்."

"இருமல் ஓயும்வரை சபை கூடக்கூடாது. இருமுகிறவன் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. கூலிக்காரன் வீட்டுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து அரிசி போக வேண்டும், வயிறு காய்ந்தால் அவன் வெளியே வந்துதான் தீருவான். சேனையை அவரவர் வீட்டார் கையைக் கழுவிவிட்டு வைக்கட்டும்."

"இதெல்லாம் ஊருக்கு. உனக்கு?"

காளத்தி மறுபடியும் கும்பிட்டான். அரசன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தான். காளத்தி பின்னுக்கு நகர்ந்தான்.

"அங்கேயே வையுங்கள் பெருமானே. தாங்கள் உள்ளே போனதும் எடுத்துக்கொள்கிறேன்."

அரசன் மறுபடியும் சிரித்துக்கொண்டே மாலையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

கதவுகள் சாத்தப்பட்டன. தெருவில் நாய் மட்டும் நடந்தது. பண்டிதர் சால்வையைத் தொட்ட காளத்தியையும் காய்ச்சல் விடவில்லை. பக்கத்து வீட்டார் கஞ்சிக் கலயத்தை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். வாய்க்கால் கரைக்கும் போக முடியவில்லை. அக்கரையில் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பாளோ என்று நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். முத்துமாலை ஆணியில் தொங்கியது. அதனோடு என்ன பேசுவது.

மாசி பிறந்தது. இருமல் நின்றது. நின்ற பிறகும் சந்தேகம் போகாமல் சில நாள் காத்திருந்து, குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தான். செங்கமலம் பிள்ளையைக் கையில் கொடுத்தாள்.

யாரோ வேற்றாள் என்று பிள்ளை வீரிட்டு அழுதது.

"உங்க தாத்தாடா. அழுவாத."

"அழட்டும் தாயி, வாங்காத" என்றான் காளத்தி. பிள்ளையின் முதுகில் கையை வைத்துப் பார்த்தான். நெஞ்சில் கரகரப்பு இல்லை. அழுகை மணிபோல் வந்தது. அவன் கேட்டுக்கொண்டே நின்றான்.