நஞ்சி ஆற்றுக்கு விட்ட தினைக்காடு

அந்தக் காலத்தில் ஆறுகளுக்கும் பேச்சு இருந்தது. பனிமலையிலிருந்து இறங்கும் வெள்ளாறும் பேசும். காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை. அடிவாரத்து ஊர்க்காரர்கள் விளைநிலத்துக்கு ஆசைப்பட்டு, இரு கரையிலும் கல் அடுக்கி அதை ஓடை அளவுக்கு ஒடுக்கிவிட்டார்கள். பனி உருகும்போதெல்லாம் ஆறு ஊருக்குள் புகுந்து வீடுகளை வாரிக்கொண்டு போகும். அவர்கள் மறுபடியும், இன்னும் உயரமாக அடுக்குவார்கள்.

கல் அடுக்குவதில் நஞ்சிக்கு நிகர் அந்த மலையில் யாருமில்லை. அவள் கட்டிய சுவர் ஒருமுறைகூடச் சரிந்ததில்லை. ஊருக்கு மேற்புறம், அந்தச் சுவரின் மறைவில் அவளுடைய தினைக்காடு அகலமாக விரிந்து கிடந்தது.

ஒரு வருஷம், கதிர் முற்றி வரும் சமயத்தில் வெயில் கடுமையாக அடித்துப் பனி மொத்தமாக உருகியது. மேலே கற்கள் உருளும் சத்தம் கேட்டு நஞ்சி ஓடிப்போய்ச் சுவரில் கை வைத்தாள். சுவர் அதிர்ந்தது.

"ஆறே, ஊரை விட்டுவிடு" என்றாள்.

"நான் என்ன செய்வேன் தாயே? மலை என் தலையில் கல்லையும் மண்ணையும் ஏற்றி அனுப்புகிறது. இறக்கி வைக்க இடமில்லாமல் மூச்சுமுட்ட ஓடி வருகிறேன். உன் சுவர் நிற்கும். அந்த வேகத்தில் ஊர்தான் நிற்காது."

"என் காட்டில் இறக்கி வைத்தால்?"

"அப்புறம் ஓட்டமே இல்லை. நடந்தே போய்விடுவேன்."

நஞ்சி கடப்பாரையை எடுத்தாள். கதிர் பார்க்க வந்த அவள் புருஷன் போசன் பதறினான். "அடியே, நம் வருஷச் சோறு அது!"

"தெரியும். நீ மேட்டுக்குப் போ."

எந்தக் கல் மற்றக் கற்களைத் தாங்குகிறது என்று கட்டியவளுக்குத் தெரியாதா? அடியில் நெம்பினாள். கல் உருண்டது, அவளும் மேட்டுக்குத் தாவினாள். வெள்ளம் தினையின் மேல் படுத்தது. நஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு சொன்ன சொல் தவறவில்லை. காடு முழுக்கப் பரவி, கல்லை இறக்கி, கணுக்கால் தண்ணீராக ஊரைக் கடந்து போனது. கூரைமேல் ஏறி நின்ற சனம் இறங்கி வந்து, கற்காடாகிப்போன தினைக்காட்டைப் பார்த்தது. ஊர்த்தலைவர் தலைப்பாகையை அவிழ்த்தார்.

"நீ கட்டியபோதுகூட நாங்கள் இப்படி வியந்ததில்லை, நஞ்சி" என்றார்.

வீட்டுக்கு வீடு அவளுக்குத் தினை கொடுத்தார்கள். மேட்டில் புதுக்காடும் திருத்திக் கொடுத்தார்கள்.

அன்று பிடித்த வழக்கம்தான், மலையாறு அடிவாரத்தைத் தொட்டதும் பல கிளையாகப் பிரிந்து கூழாங்கல்லைப் பரப்பிக்கொண்டு மெல்ல நடப்பது. அந்தக் கல்வெளியில் இன்றுவரை யாரும் வீடு கட்டுவதில்லை.