நாலு வரி இங்கிலீஷ்

வளைகுடாவில் கட்டட வேலை பார்த்த முத்திருளாண்டி, தான் பெற்ற மகளை போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தான். லீவு கேட்டால் சூப்பர்வைசர் குணசீலன் எரிந்து விழுவார். அவர் மட்டும் தவறாமல் ஊருக்குப் போய்வருவார்.

ஒருநாள் அவர் அதட்டினார். "பெரிய மேனேஜர் வர்றாரு. ஆளாளுக்கு இங்கிலீஷ்ல உங்களைப் பத்திச் சொல்லணும். திக்கினவனுக்கு லீவே கிடையாது!"

குணசீலனுக்குத் தெரிந்த இங்கிலீஷே, தன்னைப் பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வரிதான். அதையே எல்லாருக்கும் ஓதிக்கொடுத்தார். "பேரை மட்டும் மாத்துங்கடா. மத்தது ஒரு எழுத்து பிசகக் கூடாது!"

மேனேஜர் வந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும், கல்யாணமே ஆகாதவன்கூட, 'எனக்கு ஒரு மகள், வருஷா வருஷம் ஊருக்குப் போய் அவளைப் பார்க்கிறேன்' என்று இங்கிலீஷில் ஒப்பித்தார்கள். கடைசி ஆளான முத்திருளாண்டியும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிட்டு, கையை நீட்டினான்.

"சார், மை டிக்கெட்?"

மேனேஜருக்குப் பொறி தட்டியது. "இவங்களை ஊருக்கு அனுப்புறியா, இல்லையா?" என்று குணசீலனை இங்கிலீஷில் கேட்டார். நாலு வரியில் அதற்குப் பதில் இல்லை. மேனேஜரே உத்தரவு போட்டார். எல்லாருக்கும் டிக்கெட் வந்தது.

ஊரில் வாசலில் வந்து நின்றவனைக் கண்டதும் மகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"யாரும்மா இது?"

முத்திருளாண்டி வாயைத் திறந்தான். அவனிடமும் ஐந்தாவது வரி இல்லை.