சிவப்பு வயர், கறுப்பு வயர்

சோணைமுத்து மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் ஒரு செருப்பு நடுப்படியிலேயே தங்கிவிட்டது. அதுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு மாஸ்டரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாஸ்டர், இன்னைக்கு ஒரு முடிவு கட்டியாகணும்."

மாஸ்டர் நிமிரவில்லை. தலைமயிரை விட மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கண்ணே."

"உக்கார நேரமில்ல. மணி நாலரை ஆயிருச்சு. அஞ்சு மணிக்கு நான் பேசணும்."

மாஸ்டர் என்றதும் தாடி வைத்த பெரியவர் என்று நினைத்துவிட வேண்டாம். பெயர் ரெஜினா, வயது முப்பத்தாறு. மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால், பாத்திரக்கடை மாடியில், ஒரு சின்ன அறையில் இயர்போன் பழுது பார்க்கிறவர். காதுக்குள் செருகுகிற இயர்போனில் என்ன கோளாறு என்றாலும் ஊரே அங்கேதான் வரும். சீடர் சோணைமுத்துவுக்குத்தான் வயது ஐம்பத்து மூன்று.

இருபது வருஷம் மினிபஸ் ஓட்டினவர். அவர் பஸ் தெருமுனை திரும்பும்போதே அடுப்படியில் கவிழ்த்து வைத்த டம்ளர் ஆடும். பாட்டில் அப்படி ஒரு பேஸ், அடிவயிற்றில் அதிர்கிற சத்தம். முதுகுவலி வந்து ஸ்டியரிங்கை விட்டார். பேஸை விட முடியவில்லை. மாஸ்டரிடம் வந்து, எந்த இயர்போனில் அடி எப்படி இறங்குகிறது என்று இரண்டு வருஷம் காதைப் பழக்கிக்கொண்டார். இப்போது வாரம் ஒரு நாள், செல்போன் கடை முதலாளி தங்கவேலுவின் கடையில் நின்று, இரண்டு இயர்போனை ஒப்பிட்டு நேரலையில் பேசுகிறார். பேஸ் பிரியர்கள் அவர் எதைக் கை காட்டுகிறாரோ அதைத்தான் வாங்குவார்கள்.

அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு இயர்போனை எடுத்து மேசையில் போட்டார். ஒன்று சிவப்பு வயர், ஒன்று கறுப்பு வயர். கூடு இரண்டுக்கும் ஒரே அச்சு. கண்ணை மூடித் தடவினால் வித்தியாசம் தெரியாது. சிவப்பு வெளியூர்ச் சரக்கு. கறுப்பு, மேலூரில் கபூர் பாய் ஆள் வைத்துப் பாகங்களைப் பூட்டி விற்பது.

"சிவப்புல அடி எறங்குது மாஸ்டர். நெஞ்சுக்குள்ள ஆள் வச்சுக் கொட்டுற மாதிரி. இந்தக் கறுப்பு இருக்கே, வெறும் தகரம். தகரத்துல மழை பேஞ்சா எப்படி இருக்கும், அப்படி இருக்கு."

"ரப்பர் சரியா உக்காந்துச்சா?"

"அது மொத வாரம் நீங்க சொல்லிக்குடுத்த பாடம். ரப்பர் காதை அடைக்கணும், நூலளவு சந்து விழுந்தாலும் பேஸ் ஓடிப்போயிரும். மூணு சைஸ் ரப்பரையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன்."

"ரெண்டுக்கும் சத்தம் சமமா வச்சீங்களா?"

"வச்சேன். தகரம் தகரம்தான்."

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?"

சோணைமுத்து கொஞ்சம் தடுமாறினார்.

"முதலாளி உங்க வாயாலயும் ஒரு வார்த்தை கேக்கணும்னு நிக்கிறார். இன்னைக்கு நேரலை இங்கருந்து போன்லதான், அஞ்சு மணிக்கு அவரே கூப்பிடுவார். ஆமா, கறுப்புல பேஸ் இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா போதும். அர நிமிஷ வேலை."

"சொல்லிட்டா?"

"கபூர் குடுத்த பெட்டி பூராம் திரும்பிப் போகும். தீபாவளிக்கு இந்த ரோட்டுல ஒரு கடையும் அந்தாளு சரக்கை எடுக்காது."

"அங்க எட்டுப் பொம்பளைங்க வேலை பாக்குறாங்கண்ணே."

"பேஸ் வர்ற மாதிரி வேலை பாக்கச் சொல்லுங்க."

மாஸ்டர் இப்போது நிமிர்ந்தார்.

"கபூர் பாய் மேல எதும் கோபமா?"

"கோபமா? எனக்கா? எனக்கென்ன கோபம். அந்தாளு யாரு, நான் யாரு."

இதை அவர் சொன்ன சத்தத்தில் கீழே பாத்திரக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் சோணைமுத்துவே கொட்டினார்.

"நேத்து சாயங்காலம் டீக்கடையில பத்துப் பேர் நிக்கிறாங்க. அத்தன பேருக்கும் முன்னாடி என்னா சொல்றான் தெரியுமா? 'இவரு காதுல இன்னும் மினிபஸ் ஹாரன்தான் அடிச்சுக்கிட்டிருக்கு, இவரு பேச்சைக் கேட்டா இயர்போன் வாங்குறீங்க'ன்னு. டீ மாஸ்டர் சிரிக்கிறான். வடை தின்னுக்கிட்டிருந்தவன் பொரையேற ஏற சிரிக்கிறான். எனக்குத் தெரியாத பய ஒருத்தன், அவனும் சிரிக்கிறான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"டீயைக் கீழ ஊத்திட்டு நேரா வீட்டுக்குப் போனேன். அந்தாளு இயர்போனை எடுத்தேன். கேட்டேன். பேஸ் இல்ல. நான் பொய் சொல்லலை மாஸ்டர். எம் பிள்ளைக மேல சத்தியமா பேஸ் இல்ல."

"பொய்னு நான் சொல்லலையே."

மாஸ்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சோணைமுத்து மடமடவென்று குடித்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். காலைப் பார்த்தார். ஒரு செருப்பு இல்லை.

"உங்க பஸ்ஸுல பேஸ் பாக்ஸை எங்க வச்சிருந்தீங்கண்ணே?"

"அது இப்ப எதுக்கு?"

"சும்மாதான்."

"கடைசி சீட்டுக்கு அடியில. ஒன்னில்ல, ரெண்டு." சோணைமுத்துவின் குரல் ஒரு படி இறங்கியது. "மூணாவது டிரிப்புல அலங்காநல்லூர்லருந்து வர்ற வழியில தென்னந்தோப்பு ஒன்னு வரும். அந்த எடத்துல மட்டும் கூட்டி வைப்பேன். கடைசி சீட்டுக்குன்னே ஏறுற ஆளுக இருந்தாங்க. ஒரு கெழவி, கால் வலிக்கு நல்லாருக்குன்னு அந்த சீட்டைத்தான் கேக்கும்."

"கண்ணை மூடுங்க."

மூடினார். மாஸ்டர் ஒரு இயர்போனை அவர் கையில் வைத்தார். சோணைமுத்துவே ரப்பரைப் பிடித்துக் காதில் செருகிக்கொண்டார். அவருடைய போன் அவர் மடியிலேயே இருந்தது. அதில் வழக்கமாகச் சோதிக்கிற உருமி மேளம், பாட்டில்லாமல் அடி மட்டும். ஓடவிட்டார்.

கால் தானாகத் தாளம் போட்டது.

"எறங்குது மாஸ்டர். அடிவயிறு வரைக்கும் போகுது. இது சிவப்பு. சந்தேகமே இல்ல."

"கழட்டுங்க. கண்ணைத் திறக்க வேணாம்."

கழற்றிக் கொடுத்தார். மேசையில் வயர் உரசுகிற சத்தம் கேட்டது. மறுபடி ஒரு இயர்போன் கைக்கு வந்தது. காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது மாஸ்டர் சொன்னார்.

"கபூர் பாய் காலையில இங்க வந்திருந்தார்."

"எதுக்கு?"

"போடுங்க. அப்பறம் சொல்றேன்."

"என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"போடுங்கண்ணே."

போட்டார். உருமி ஓடியது. ஒரு பத்து அடி போயிருக்கும். காதிலிருந்து பிடுங்கி எடுத்தார்.

"கேட்டீங்களா இதை? தகரம். இதைத்தான் நான் சொன்னேன். இதைக் காதுல வைக்கிறவன் காசைக் குப்பையில போட்டவன். இதை வச்சுக்கிட்டு அந்தாளு என் காதைப் பத்திப் பேசுறான்."

"கண்ணைத் திறங்க."

திறந்தார். அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது சிவப்பு வயர். கறுப்பு, அவர் போட்ட இடத்திலேயே சுருண்டு கிடந்தது.

"இது ரெண்டாவதா குடுத்ததா?"

"ரெண்டு தடவையும் அதேதான் குடுத்தேன்."

சோணைமுத்துவின் முகம் கறுத்தது.

"வெளயாடுறீங்களா மாஸ்டர்? ரெண்டாவது தடவை சத்தத்தைக் கொறச்சிருக்கீங்க."

"போன் உங்க மடியில இருக்கு."

பார்த்தார். அவர் கைக்கடியில்தான் இருந்தது. சத்தம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"அப்ப ரப்பரை மாத்தியிருக்கீங்க."

"பாருங்க."

ரப்பரும் அதேதான். சோணைமுத்து எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"இருபது வருஷம் வண்டி ஓட்டினவன் நான். இஞ்சின்ல ஒரு நட்டு லூசானா சத்தத்துல சொல்லுவேன். ரெண்டு வருஷம் உங்க காலடியில உக்காந்து கேட்டிருக்கேன். கடைசியில நீங்களும் அந்தாளு மாதிரி என்னைச் செவிடன்னு சொல்ல வர்றீங்க. அதுக்கு இம்புட்டு சுத்தி வளைக்கணுமா?"

"உங்க காது நல்ல காதுண்ணே."

"பின்ன?"

"ரெண்டு காதுக்கும் முன்னாடி, தாடை சேர்ற எடத்துல விரலை வைங்க."

முறைத்துக்கொண்டே வைத்தார்.

"கபூர் பாய் பேரைச் சொல்லுங்க."

"அந்தாளு பேரை எதுக்கு நான்..."

பாதியில் நின்றார். விரலுக்கடியில் தசை நெல்லிக்காய் மாதிரி எழும்பி நின்றது. பேரைச் சொல்லக்கூட இல்லை. நினைத்ததற்கே எழும்பிவிட்டது.

"பல்லைக் கடிக்கிறீங்கண்ணே. தாடை இறுகினா காதுக்குழி கோணுது. ரப்பர் ஓரத்துல சந்து விழுது. அடி அது வழியா வெளிய போயிருது."

சோணைமுத்து கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. அவ்வப்போது அழுத்திப் பார்த்தார்.

"நான் கடிக்கிறது எனக்கே தெரியலையே."

"யாருக்கும் தெரியாது."

"காலையில வந்து அந்தாளு என்னதான் சொன்னான்?"

"வயர் நீளம் பத்தலைன்னு நாலு பேர் சொன்னாங்களாம். ஒரு சாண் கூட்டலாமான்னு கேட்டார். உங்க பேரை எடுக்கவே இல்லை."

அதைக் கேட்டதும் சோணைமுத்துவுக்கு முன்னைவிட அதிகமாகச் சுட்டது. பத்துப் பேர் முன்னால் ஒருத்தனை அசிங்கப்படுத்திவிட்டு, மறுநாள் காலையில் வயர் நீளம் கேட்கப் போயிருக்கிறான். விரலுக்கடியில் தசை மறுபடி எழும்பியது.

மணி நாலு ஐம்பது. கறுப்பு வயரை வெடுக்கென்று எடுத்தார்.

"சரி. பல்லைக் கடிக்காமக் கேக்குறேன். அவ்வளவுதான?"

காதில் செருகினார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இடம் விட வேண்டும் என்று வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டார். பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"வாயைத் திறந்தாலும் குழி கோணும்ணே."

மூடினார். தென்னந்தோப்பை நினைத்தார். கடைசி சீட்டுக் கிழவியை நினைத்தார். அடி மெல்ல இறங்கத் தொடங்கியது. உடனே வடை தின்றவன் புரையேறச் சிரித்தது ஞாபகத்துக்கு வந்தது. அடி போய்விட்டது. மறுபடி தென்னந்தோப்பு. மறுபடி வடை. மூன்றாவது தடவை தென்னந்தோப்பு வரவே இல்லை, நேரே வடைதான் வந்தது.

இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதுல பேஸ் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியலை மாஸ்டர். இருக்குற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

போன் அடித்தது. தங்கவேலு முதலாளி. சோணைமுத்து எடுத்தார்.

"அண்ணே, எல்லாம் ரெடி. ஆளுக சேந்துட்டாங்க. ஆரம்பிச்சிரலாமா?"

"ஒரு நிமிஷம் இருங்க முதலாளி. மாஸ்டர் ஒரு வேலையா இருக்காங்க."

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மேசை மேல் குனிந்தார். குரல் கெஞ்சலாகவும் வந்தது, அதட்டலாகவும் வந்தது.

"மாஸ்டர், எனக்கு வேற வழியில்ல. நீங்க கேளுங்க. உங்க காதுக்குத் தப்பாது. நீங்க என்ன சொன்னாலும் அதையே சொல்லிர்றேன். கபூருது நல்லாருந்தா, நல்லாருக்குன்னே சொல்லிர்றேன். போதுமா?"

மாஸ்டர் இரண்டு இயர்போனையும் சேர்த்து அவர் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்கு நான் கேக்க முடியாதுண்ணே."

"ஏன்? உங்களுக்கும் கபூருக்கும் என்ன இருக்கு?"

"அவருக்கும் எனக்கும் ஒன்னுமில்ல. 'மாஸ்டரும் கேட்டுட்டாங்க, கறுப்புல பேஸ் இல்லன்னு சொல்லிட்டாங்க'ன்னு நேத்து ராத்திரியே முதலாளிகிட்ட சொல்லியிருக்கீங்க. காலையில அவர் எனக்குப் போன் பண்ணி நன்றி சொன்னார்."

சோணைமுத்துவின் கை போனை விட்டு விலகியது. உள்ளேயிருந்து முதலாளி, "ஹலோ, சொல்லுங்கண்ணே, லைன்ல இருக்கீங்களா" என்று கேட்பது அறை முழுக்கக் கேட்டது.

மாஸ்டர் கம்பியைக் கையில் எடுத்தார்.

"காலையிலருந்து உங்க மேல கோபமா இருக்கேன்ணே. எந்த வயரைப் போட்டாலும் எனக்குத் தகரமாத்தான் கேக்கும்."