பளபளத்த அண்டா

மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் காரிநாடு என்றொரு நாடு. முன்னொரு காலத்தில் அதைக் குலவேந்தன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவான், அவ்வளவே.

ஒருநாள் மடைப்பள்ளிக்குள் எட்டிப் பார்த்தான். பித்தளை அண்டாக்கள் வெளியே மின்னின. உள்ளே ஈயப்பூச்சு மங்கிக் கிடந்தது.

"உள்ளே மட்டும் ஏன் இப்படி அழுது வடிகிறது?"

அரண்மனை அதிகாரி சிங்கண்ணாவுக்குச் சமையற்காரன் பொன்னையாவைக் கண்டால் ஆகாது. ராஜா குழம்பைப் புகழ்வான், அதிகாரியைப் புகழ்ந்ததில்லை.

"தேய்க்கச் சோம்பல், மகாராஜா. சுரண்டிவிட்டால் உள்ளேயும் தங்கள் திருமுகம் தெரியும்."

"ஈயம் இல்லாம புளி ஆகாதுங்க" என்று பொன்னையா சொன்னதை யாரும் கேட்கவில்லை. ராஜா தலையாட்ட, சுரண்டினார்கள்.

மறுநாள் புளிக்குழம்பு சாப்பிட்ட ராஜாவுக்கு வாந்தி. "பொன்னையா விஷம் வைத்துவிட்டான்" என்றார் சிங்கண்ணா. தலை போகிற குற்றம். பொன்னையாவைச் சிறையில் அடைத்தார்கள்.

மந்திரி அம்பலவாணர் எழுந்தார். "தண்டிக்கலாம், மகாராஜா. அதற்கு முன் சிங்கண்ணா தம் கையாலேயே அதே அண்டாவில் ஒரு குழம்பு வைக்கட்டும்."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே."

"விஷம் வைக்கத் தெரியாமல் இருந்தால் போதும்."

சிங்கண்ணா புளி கரைத்துக் கொதிக்கவைத்தார். அண்டாவை மூடி முத்திரை வைத்து, மறுநாள் சபையில் திறந்தார்கள். விளிம்பெல்லாம் பச்சைக் களிம்பு.

"சாப்பிட்டுக் காட்டுங்கள்" என்றார் மந்திரி.

சிங்கண்ணா பின்வாங்கினார். "நான் எதுவும் கலக்கவில்லை."

"பொன்னையாவும் அதைத்தான் சொன்னான். புளி பித்தளையை அரிக்கும். நடுவில் நின்று தடுத்தது ஈயம். அதைச் சுரண்டிவிட்டோம்."

"சுரண்டச் சொன்னது யார்?" என்றான் ராஜா.

மந்திரி அண்டாவைக் காட்டினார்.

"உள்ளே பாருங்கள், மகாராஜா. முகம் தெரியும் என்றாரே சிங்கண்ணா."

ராஜா குனிந்து பார்த்தான். குழம்பில் அவன் முகமே தெரிந்தது. "பித்தளையை எல்லாம் ஆற்றில் போடுங்கள்" என்றான்.

"தண்ணீருக்கு அதைவிட நல்ல குடம் ஏது? புளிக்கும் மோருக்கும் மட்டும் ஈயம் பூசினால் போதும்" என்றார் மந்திரி.

பொன்னையாவை விடுவித்து, அவனுக்குத் தன் கைக்காப்பைக் கழற்றிப் போட்டான் ராஜா. மந்திரிக்குப் பக்கத்து ஆசனம். ஈயம் பூசுகிறவனுக்குத் துருத்தி ஊதச் சிங்கண்ணா.

கடைசி அண்டா முடிந்தபோது சிங்கண்ணாவின் முகமும் கரியேறி மங்கியிருந்தது. அதை யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை.