கிளி வழக்கும் ஐந்து பசித்த வயிறுகளும்

ஆவூர்க்கோட்டையைக் கட்டியப்ப பூபதி ஆண்ட காலத்தில், ஊர் ஜனங்கள் எதிரிப் படையைவிட அதிகமாகப் பயந்தது ஒரு மண்குடத்துக்கு. வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால், ஊரார் பெயர் எழுதிய ஓலைகளை அந்தக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஐந்தை எடுப்பார்கள். பெயர் வந்த ஐந்து பேரும் போட்டது போட்டபடி வந்து, வழக்கைக் கேட்டு, ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். குடம் குலுங்குகிற நாளில் ஊரில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. மீதிப் பேருக்கு மாமியார் சாகக் கிடப்பாள்.

ஒரு தடவை செண்பகராமன் பெயரே வந்துவிட்டது. அவர் அரசவையில் ராஜாவுக்குப் பேச்சுத்துணை. அன்றைக்கு மைத்துனன் வீட்டு விருந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நேரே ராஜாவிடம் ஓடி, தனக்குப் பேசத்தான் தெரியும், உட்கார்ந்து கேட்கத் தெரியாது, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார்.

"இத்தனை வருஷமாக நீர் பேசி நான் கேட்கிறேனே, எனக்கு யாராவது விலக்குக் கொடுத்தார்களா?" என்றார் ராஜா.

வழக்கு இதுதான். தளவாய் வீரமல்லர், மாயாண்டி என்ற கிளி வியாபாரியிடம் பேசும் கிளி ஒன்றை வாங்கினார். மூன்று மாதம் வீட்டில் வைத்திருந்து, பெருமை காட்ட அரசவைக்குக் கொண்டுவந்தார். சபை நிறைந்திருந்தபோது கிளி வாயைத் திறந்தது. "தளவாய்க்கு உடம்பெல்லாம் மீசை, உள்ளே மூளை இல்லை" என்றது. வியாபாரிதான் இதைச் சொல்லிக்கொடுத்து விற்றிருக்கிறான், அவனை நாடு கடத்த வேண்டும் என்று தளவாய் குதித்தார். மாயாண்டியோ, தான் வணக்கம் ஒன்றைத் தவிர வேறெதையும் கிளிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்று அழுதான். அவன் மனைவிக்கு நிறைமாதம்.

தளவாய் இன்னொரு காரியமும் செய்தார். போன வழக்கில் ஐவரும் அரண்மனை விருந்தில் ருசி கண்டு நாள் கணக்கில் எழுந்திருக்கவில்லை என்று ராஜா காதில் போட்டார். உடனே உத்தரவு பிறந்தது: தீர்ப்பு வரும்வரை ஐவரும் கூடும் அறையில் யாருக்கும் சாப்பாடு கிடையாது.

காலையில் ஐவரையும், சாட்சிக்குக் கிளிக்கூண்டையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். உச்சி வேளை தாண்டியதும் அறையில் வழக்கைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று. எண்ணெய்க்கடைத் தாண்டவன் செட்டியார்தான் முதலில் எழுந்தார். அவர் பெண்ணைப் பார்க்க அன்று மாலை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

"கிளிக்காரன் குற்றவாளி என்று சொல்லிவிட்டுப் போவோம் சாமி. பக்கத்து நாட்டில் மட்டும் கிளி வாங்க மாட்டார்களா என்ன?"

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். செண்பகராமன் வயிறும் செட்டியார் பக்கம்தான் இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தவர், ஜன்னல் வழியே மாயாண்டியைப் பார்த்துவிட்டார். அவன் கைகட்டி இந்த அறையையே பார்த்துக்கொண்டு நின்றான். செண்பகராமன் திறந்த வாயை மூடிக்கொண்டு கதவைத் தட்டினார்.

காவலாளி எட்டிப் பார்த்தான். சாப்பாடு உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு, பலகாரம் வரக் கூடாது என்று உத்தரவு உண்டா என்று அவனிடம் கேட்டார். அவன் நெடுநேரம் யோசித்தான். பலகாரத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றான். அவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்றதும் கால் தரையில் படாமல் ஓடினான்.

அடை வந்தது, வெண்ணெய் வந்தது, அதிரசம் வந்தது, கடலைச் சுண்டல் வந்தது. இரண்டாவது அடையிலேயே செட்டியாருக்குக் கோபம் தணிந்தது. மூன்றாவதில் நியாய புத்தி வந்துவிட்டது. பாவம், பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான், நிதானமாகவே விசாரிப்போம் என்று சொல்லிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

காலையிலிருந்து வாடிப்போய் மௌனமாக இருந்த கிளிக்கும் செண்பகராமன் கொஞ்சம் சுண்டல் போட்டார். தின்று முடித்ததும் அதற்குத் தெம்பு வந்தது. தளவாயின் மூளையைப் பற்றிய அதே வாக்கியத்தைச் சொன்னது. அங்கே நிறுத்தவில்லை. பெண்குரலில் தொடர்ந்தது:

"அடியே, அவர் வந்துட்டார், பேச்சை மாத்து. மழை வரும் போல இருக்கே!"

 கிளிக்குப் பாடம் நடந்த பள்ளிக்கூடம் எது என்று ஐவருக்கும் விளங்கிவிட்டது. ஒருமனதாகத் தீர்ப்பும் ஆயிற்று.

சபையில் செண்பகராமன் எழுந்து, மாயாண்டி குற்றமற்றவன் என்றார். கிளி சொன்னதை ஒரு சொல் விடாமல் செட்டியார் ஒப்பித்தார். மாயாண்டி தரையில் விழுந்து கும்பிட்டான்.

"அப்படியானால் கற்றுக்கொடுத்தது யார்?" என்றார் ராஜா.

தளவாய்க்கு வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்காரியின் பேச்சு அவருக்குத் தெரியாதா? செண்பகராமன் அவரைப் பார்த்துவிட்டு, மாயாண்டியா இல்லையா என்பதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டீர்கள், அதற்குமேல் எங்கள் வேலையில்லை என்று முடித்துக்கொண்டார்.

தளவாய் சட்டென்று பேச்சை மாற்றினார். செட்டியார் வாயோரம் ஒட்டியிருந்த வெண்ணெயைக் காட்டி, இவர்கள் உள்ளே வயிறு முட்டத் தின்றிருக்கிறார்கள், ராஜ உத்தரவையே மீறிவிட்டார்கள் என்றார்.

ராஜா முகம் கடுத்தது. "சாப்பாடு கிடையாது என்று சொன்னேனா இல்லையா?"

"சொன்னீர்கள் மகாராஜா. நாங்கள் பலகாரம்தான் தின்றோம்."

"வயிறு நிறையத் தின்றால் பலகாரமும் சாப்பாடுதான் ஐயா!"

செண்பகராமன் பணிவாகக் கைகூப்பினார். "மகாராஜா மாதாமாதம் கிருத்திகை விரதம் இருக்கிறீர்கள். அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. எட்டு அடையும் ஒரு தட்டு அதிரசமும்தான் உள்ளே போகிறது. அது சாப்பாடு என்றால் நாங்கள் உத்தரவை மீறியவர்கள். அது சாப்பாடு இல்லை என்றால் மகாராஜா விரதம் இருந்தவர். தீர்ப்பை மகாராஜாவே சொல்லட்டும்."

 ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் செண்பகராமனுக்குப் போர்த்திவிட்டுச் சொன்னார்:

"பலகாரம் சாப்பாடு இல்லை. இது என் தீர்ப்பு. ஒருமனதான தீர்ப்பு!"